முத்தாய்ப்புக்காக வைத்திருந்த தாள்

'நடுவர் அவர்களே' என்று தொடங்கிப் பழகிய வாய் இது. இன்று எனக்கு நடுவர் வேண்டாம். வாசிக்கிற உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். என் கைப்பேசியில் நாற்பத்தொரு நிமிடக் காணொளி ஒன்று இருக்கிறது. குடியரசு நாளன்று எங்கள் ஊர் கிராம சபையில் நான் பேசியதை நானே பதிவு செய்தது. கைதட்டுகிறவர்களும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காகச் சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டு ஜன்னலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தேன். அதில் ஒலிவாங்கியின் முன் நிற்கும் இளைஞனைப் பார்க்காதீர்கள். தரையில், மூன்றாவது வரிசையில், நீலப் புடவைக்கு மேல் ஆண்சட்டை போட்டு அமர்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் என் அக்கா. அவளுடைய வலக்கையை மட்டும் கவனித்து வையுங்கள்.

நான் புதுச்சேரியில் அரசியலறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பதினோராம் வகுப்பிலிருந்து மேடை ஏறுகிறேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அக்கா வீட்டில் கோப்பைகளை வைக்க அலமாரி இல்லாததால், அரிசி டின்னின் மூடி மேல் அவை வரிசையாக நிற்கின்றன. சோறு வடிக்க அரிசி எடுக்கும் போதெல்லாம் அக்கா என் வெற்றிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, மறுபடியும் ஏற்றி வைப்பாள். அவளை அதே ஊரில்தான் கட்டிக் கொடுத்தது. மாமா உப்பு லாரி ஓட்டுகிறார், அக்கா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள். பெற்றோர் இல்லாத நான் விடுமுறைக்கு வந்து இறங்கும் இடம் அவள் வீடுதான்.

பிப்ரவரியில் சென்னையில் மாநில அளவிலான பேச்சுப் போட்டி. கல்லூரியின் சார்பில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைப்பு, 'நாட்டின் மூலச் சட்டம்', அதாவது அரசியலமைப்பு. ஆங்கிலத்தில் ஆர்கானிக் லா என்பார்கள். விடுதி அறையில் நான் உரக்கப் பயிற்சி செய்தபோது, கோட்டக்குப்பத்திலிருந்து வந்து படிக்கும் என் அறைத்தோழன் கட்டிலில் படுத்தபடியே கேட்டான்.

"ஆர்கானிக்னா, இரும்பை ஊர்ப் பக்கம் கடையில காய்கறி விக்கிறானே, அந்த மாதிரி யூரியா போடாத சட்டமா மச்சான்?"

"டேய், சும்மா இருடா."

"இல்லடா, அப்படின்னா ரேட்டு ஜாஸ்தியா இருக்குமே. நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கட்டுப்படி ஆவுமான்னு கேட்டேன்."

சிரித்துவிட்டு அவனுக்கு விளக்கினேன். உடலுக்கு உறுப்புகள் இருப்பதைப் போல அரசுக்கும் உண்டு: நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம், ஊராட்சி. இவற்றில் எதுவும் தானாக முளைக்கவில்லை. மற்ற சட்டங்களை எல்லாம் இந்த உறுப்புகள் இயற்றுகின்றன. இந்த உறுப்புகளை இயற்றியது ஒரே ஒரு சட்டம். இன்னது உன் வேலை, இதற்கு மேல் உனக்கு அதிகாரமில்லை என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்ததும் அதுவே. ஆகவே ஆளுகிறவர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள்தான் நிற்கிறார். அறைத்தோழன் தூங்கிப்போயிருந்தான். நான் சுவரைப் பார்த்து முடித்தேன்.

அதே வாரம் அக்காவுக்கு மூன்றாவது முறையாகச் சிறுநீரில் தொற்று வந்தது. மருத்துவமனைக்கு நான்தான் உடன் போனேன். "தண்ணி நெறைய குடிக்கணும்மா, இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும்" என்றார் டாக்டர். அக்கா என்னை வெளியே போகச் சொல்லாமலேயே பதில் சொன்னாள்.

"குடிச்சா எங்க போறதுங்க?"

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே படம் எடுக்கும் அந்தப் பரப்பில் ஒரு புதர் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. இந்தக் கோடியில் உட்கார்ந்தால் அந்தக் கோடிக்குத் தெரியும். விடியுமுன் போகிற பெண்கள் வெயில் ஏறி வீடு திரும்பும் வரை தொண்டையை நனைப்பதோடு சரி. அக்கா கொண்டுபோகும் பாட்டில் நிறைந்து போய் நிறைந்தே திரும்பும். பல வருடம் பார்த்த பாட்டில். அதற்கு முன் ஒருநாளும் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

முந்தைய கிராம சபை ஒன்றில் பெண்கள் வாய்மொழியாக உப்பளத்தில் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் கேட்டிருக்கிறார்கள். அது மத்திய அரசு இடம், ஊராட்சி அங்கே கை வைக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது. இதை அக்கா சொன்ன நிமிடம் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எரிந்தது என் போட்டிக்கான விளக்கு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அரசியலமைப்பைப் புரட்டினேன். உப்பு உற்பத்தி மத்தியப் பட்டியலில் இருந்தது. குடிநீரும் சுகாதாரமும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பதினோராம் அட்டவணையில் இருந்தன. 'என் அக்கா வாரும் உப்பு மத்தியப் பட்டியலில். அவள் குடிக்காத தண்ணீர் ஊராட்சியின் அட்டவணையில். என் அக்கா எந்தப் பட்டியலில்?' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. அதை மூன்று முறை சொல்லிப் பார்த்து, எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வழியைக் கண்டுபிடித்தது அக்கா.

"உப்பளத்துக்குள்ள எதுக்குடா? ரோட்டோரம் பம்ப்செட்டுக்குப் பக்கத்துல கெடக்குதே, அது நம்ம ஊர் பொறம்போக்குதான? அங்க கட்டட்டும். நாலு எட்டு வெச்சா போயிடலாம்."

அன்று மாலையே இரண்டு வரியில் தீர்மானத்தை எழுதினேன். சாலையோரப் புறம்போக்கில் பெண்களுக்குக் கழிப்பறை ஒன்றும் குடிநீர்க் குழாய் ஒன்றும் அமைப்பது என இச்சபை தீர்மானிக்கிறது. அக்காவோடு வேலை செய்யும் பெண்கள் கீழே கையெழுத்திட்டார்கள். சிலர் பெருவிரல் வைத்தார்கள்.

ஒரே ஒரு சிக்கல், காலம். தை மாதம் எங்கள் பக்கம் பாத்தி மிதிக்கும் மாதம். மழை முடிந்ததும் சேற்றை வழித்து, தளத்தைச் சமன் செய்து, ஆட்கள் வரிசையாக நின்று, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து அடியடியாக மிதிப்பார்கள். சற்று உலரவிட்டு மறுபடி மிதிப்பார்கள். கால் வைத்தால் சுவடு விழாத அளவுக்குத் தரை இறுகும்வரை உப்புநீரை உள்ளே விட மாட்டார்கள். குத்தகைக்காரரே வந்து அவசரப்படுத்தினாலும் விட மாட்டார்கள். எங்கே மிதி தவறியதோ அங்கே பின்னால் உப்பு சேற்றோடு எழும், யார் தவறவிட்டது என்பதும் தெரிந்துவிடும். ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையில் மிதிப்பதற்கான பதம் கொஞ்ச நேரம்தான். தவறினால் தரை வெடித்துவிடும். நனைத்து முதலிலிருந்து மிதிக்க வேண்டும்.

"காலையில ஒரு மிதி போட்டுட்டு வந்துடுவோம். பன்னெண்டு மணிக்கு மேல நிக்க முடியாதுடா" என்றாள் அக்கா. "வெயில் ஏறிச்சின்னா சேறு வாயப் பொளந்துக்கும்."

"பன்னெண்டுக்குள்ள முடிச்சிடறேன்."

அவளோடு வேலை செய்யும், ஊரே பயப்படும் வாய் கொண்ட ஒரு பெண் பக்கத்திலிருந்து சொன்னாள்: "தம்பி புடிச்சா மைக்குதான் அழுவும். ஏம்பா, கரெண்டு போனாலாவது நிறுத்துவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், "நானே எழுந்திரிச்சி சொல்லிடட்டா? ரெண்டு வரிதான?" என்று கேட்டாள்.

"நீ கம்முனு உக்காரு. சட்டம் தெரியாம பேசினா மறுபடி மத்திய அரசு இடம்னு அனுப்பிடுவாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த வாக்கியத்தையும் சாட்சிக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடியரசு நாளில் கூட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. பெண்கள் முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு வந்து கையெழுத்திட்டுத் தரையில் அமர்ந்தார்கள். நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள் சிலர். வந்தவர்களில் பாதிக்கு மேல் உப்பளப் பெண்களே. வழக்கமான பொருள்களை ஊராட்சிச் செயலர் வாசித்து முடித்ததும், தலைவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"நம்ம ஊருப் புள்ள, காலேஜ்ல பேசி பரிசெல்லாம் வாங்குது. குடியரசு தினத்தைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசும். பேசிட்டு அவங்க ஏதோ கோரிக்கை வெச்சிருக்காங்களாம், அதையும் சொல்லிடும்."

அப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. சட்டைப்பையில் தாள் இருந்தது. எழுந்ததும் அதை எடுத்து நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. ஆனால் பேச்சாளனுக்கு ஒரு பாடம் உண்டு: வலிமையான பொருளை முதலில் வைக்காதே, முத்தாய்ப்புக்கு வை. தாளை இறுதியில், குரலைத் தாழ்த்தி, மெல்ல வெளியே எடுப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். பிப்ரவரி மேடைக்கான உரை முழுவதையும் அன்று சொல்லிப் பார்த்துவிடுவது என்பதும் என் எண்ணத்தில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பேசினேன். மூலச் சட்டத்தை ஆலமரத்தின் வேர் என்றேன், கோபுரத்தின் அடிக்கல் என்றேன். மன்னனின் சொல்லே சட்டமாயிருந்த காலம் போய், சட்டமே மன்னனான காலம் வந்தது என்றேன். பன்னிரண்டைத் தாண்டியபோது தரையில் ஓர் அசைவு ஏற்பட்டது. கால்களை நீட்டினார்கள், மடக்கினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவை கொந்தளிக்கிறது என்று நினைத்தேன். சிலர் எழுந்தபோது என் குரல் இன்னும் ஏறியது. பட்டியல் பற்றிய அந்த வரியை, நிறுத்த வேண்டிய சொல்லில் நிறுத்திச் சொன்னபோது, அது யாரைப் பற்றியதோ அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டேகாலைத் தாண்டித் தாளை எடுத்துப் படித்தேன். நாற்காலிகள் கைதட்டின. தலைவர் என் தோளில் தட்டிவிட்டு, வேறொரு நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். நான் செயலரிடம் போனேன். நல்ல மனிதர், எனக்கென்று ஒரு லட்டை எடுத்து வைத்திருந்தார்.

"அருமை தம்பி. டிவியில பேசற மாதிரியே இருந்துச்சி."

"தீர்மானம் எழுதிட்டீங்களா சார்?"

"யாரு முன்மொழியறது?"

"நானே முன்மொழியறேன்."

அவர் வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். ஒருமுறை மேலிருந்து கீழே, இன்னொருமுறை கீழிருந்து மேலே.

"உன் பேரு இல்லியேப்பா."

"நான் இந்த ஊரு சார்."

"ஊரு இதான், யாரு இல்லன்னா? ஓட்டர் லிஸ்ட்ல இருந்தாதான் சபைக்கு மெம்பரு. இருவது ஆயிடுச்சில்ல? ஆறாம் நம்பர் பாரம் குடுத்தியா?"

குடுக்கவில்லை. வாக்குரிமை என்ற தலைப்பில் பேசி நான் வாங்கிய கேடயம் வீட்டில் அரிசி டின்னின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"சரி சார், இங்க இருக்கிறவங்க யாராவது..."

"இப்ப கோரமே இல்லப்பா, தீர்மானம் போட இத்தனை பேரு இருக்கணும்னு கணக்கு இருக்குல்ல. லேடீஸ் எல்லாம் போயிட்டாங்களே. நீ பேசிக்கிட்டு இருக்கறப்பவே போயிட்டாங்க, பாக்கலியா? ஒண்ணு பண்ணு, அதை மனுவா குடு. வாங்கி வெக்கறேன்."

மனு. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் காதுமடல் சுட்டது. மனு என்பது கேட்பது. தீர்மானம் என்பது முடிவெடுப்பது. கையேந்துகிறவன் கொடுப்பது மனு. மூலச் சட்டம் படைத்த உறுப்புகளில் எல்லாம் சிறியது கிராம சபை. ஆனால் மக்கள் தங்கள் சார்பாக யாரையும் அனுப்பாமல் தாங்களே வந்து அமர்ந்து முடிவெடுக்கிற உறுப்பு அது. அந்த அவையில் சேற்றுக்காலோடு உட்கார்ந்திருந்தவர்கள் முடிவெடுக்க வந்தவர்கள். அவர்களை நான் பார்வையாளர்கள் ஆக்கினேன். நாற்பத்தொரு நிமிடம் அந்தச் சட்டத்தின் புகழைப் பாடி, அது அவர்களுக்குக் கொடுத்த ஒரு மணி நேரத்தைப் பறித்துக்கொண்டேன்.

செயலர் தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறுதலுக்காகத்தான் காட்டினார். 'மாணவர் ஒருவர் அரசியலமைப்பின் பெருமை குறித்துச் சிறப்பாக உரையாற்றினார்.' அழகான கையெழுத்து.

லட்டைக் கையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று நின்று கூப்பிட்டது. ஏறினால் உட்கார வேண்டும், அது என்னால் முடியாது என்று தோன்றியது. சாலையோரப் புறம்போக்கு வந்தது. பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் அந்தத் துண்டு நிலம் காலியாகக் கிடந்தது. நின்று பார்க்கவும் முடியவில்லை, கடந்து போகவும் முடியவில்லை. இரண்டுமுறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். பிறகு வரப்பில் இறங்கினேன்.

பாத்தியின் மேற்குப் பாதி வெடித்திருந்தது. பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டு வெடிப்புகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் போட்ட மிதி வீண். மறுநாளும் அதே இடத்தைத்தான் மிதிக்க வேண்டும்.

"வாங்க எம்எல்ஏ!" என்றாள் அந்த வாய்க்காரப் பெண். "மாலை எங்க? பொன்னாடை எங்க?"

"உடுடி, புள்ள லட்டு எடுத்தாந்திருக்குது" என்றாள் இன்னொருத்தி.

வெடிக்காத பாதியில் நின்ற அக்கா நிமிரவில்லை. குதிகாலை விரலோடு ஒட்டி அடுத்த அடியை வைத்தபடி கேட்டாள்.

"எழுதியாச்சா?"

"எழுதினாங்க."

"என்னான்னு?"

"நான் நல்லா பேசினேன்னு."

வரிசை முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அடுத்த அடியை வைக்காமல் நின்றாள்.

"மூணு வாட்டி கையத் தூக்கினேன்டா."

"எப்போ? நான் பாக்கவே இல்லக்கா."

"பாக்கலியா? என்னைப் பாத்துச் சிரிச்ச."

வரப்பில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தேன். வெயிலில் திரை தெரியாததால் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். நீங்கள் கவனித்து வைத்த கை இப்போது தேவைப்படுகிறது. ஆலமரத்தின் வேரில் நான் இருந்தபோது முதல்முறை அந்தக் கை எழுந்தது; முழங்கை மடங்கி, தயக்கத்தோடு, பள்ளிக்கூடத்தில் எழுவது போல. அடிக்கல்லில் இருந்தபோது இரண்டாம் முறை, நேராக. பன்னிரண்டுக்குச் சில நிமிடம் முன்பு மூன்றாம் முறை எழுந்து, இறங்கி, அவளுடைய ஆண்சட்டையின் பையை இரண்டு விரலால் தட்டிக் காட்டியது. தாளை எடு என்கிறாள். ஒலிவாங்கியின் முன் நிற்கும் இளைஞன் அவளைப் பார்க்கிறான், தம்பியின் பேச்சில் உள்ளம் நெகிழ்ந்து நெஞ்சைத் தொடுகிறாள் என்று எண்ணிப் புன்னகை செய்து தலையாட்டுகிறான், அடுத்த வாக்கியத்துக்குப் போகிறான்.

சட்டையை இறக்கியபோது அக்கா வரப்பருகே வந்திருந்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் எடுத்து, கொப்பளித்துத் துப்பிவிட்டு, மூடி வைத்தாள். தண்ணீரின் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. அவள் அதைக் கோபத்தில் செய்யவில்லை, தினமும் செய்வதைப் போலத்தான் செய்தாள். மன்னிப்புக் கேட்பதற்காக என் வாயில் ஒரு வாக்கியம் திரண்டு வந்தது. எதுகையோடு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அடுத்த கூட்டம் எப்போ?" என்றாள்.

"மார்ச் இருவத்தி ரெண்டு."

"உன் போட்டி?"

"பிப்ரவரி."

"அப்ப ஜெயிச்சிட்டு வந்து இன்னும் நீட்டிப் பேசுவ."

"தம்பி ஏதோ சொல்ல வருது, இருடி" என்றாள் வாய்க்காரப் பெண். "ஏம்பா, சொல்றதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. மைக்கு இல்லன்னா தொண்டை வேலை செய்யாதா?"

கடற்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேடையில் அது எனக்கு எப்போதும் தெரிந்திருக்கும். பாத்தியின் மறுகோடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"மார்ச்ல நீதான் எழுந்து சொல்ற அக்கா, மொத ஆளா. நான் உன் பக்கத்துல தரையில உக்காந்திருப்பேன். நாளைக்கே ஆறாம் நம்பர் பாரம் குடுத்துடறேன். அந்த ரெண்டு வரி நோட்டுல ஏறி, செக்ரெட்டரி அதை எல்லார் எதுருலயும் படிச்சிக் காட்டற வரைக்கும் நான் எந்த மைக்கையும் தொட மாட்டேன். பிப்ரவரி மைக்கையும் சேர்த்துதான் சொல்றேன்."